மண்ணில் உறங்கும் மீன்



சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து திருப்பெரும்புதூரை எட்டுவதற்கு முன் வருகிறது பென்னலூர். நான் வசிப்பது அங்கேதான். சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலைகளும் சரக்குக் கிடங்குகளுமே கண்ணில் படுகின்றன. ஆயினும் அவற்றின் பின்புறமாகச் சற்று நடந்து சென்றால் ஏரிகளும் தாங்கல்களும் குட்டைகளும் இன்னும் இருப்பதைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து ததும்பும் இந்நீர்நிலைகளில் சிறியவை பங்குனியில் சேறாகிச் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவ்வாறு வெடித்துக் கிடக்கும் மண்ணைப் பார்த்து, 'இதில் என்ன இருக்கிறது? வெறும் பொட்டல்தானே' என்று சொல்லிவிடுவது எளிது. நானும் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அது பொட்டல் அன்று என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு சிறு மீன். அந்த மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து இனம் பெருக்கும் முறையையும், அதனிடமிருந்து நான் அறிந்துகொண்ட ஓர் உண்மையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கில்லி மீன்கள் என்று ஒரு பெருங்கூட்டம் உலகில் உண்டு. பெயரைக் கேட்டவுடன் நம் சிறுவர்கள் ஆடும் கில்லி தாண்டு நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் உறவில்லை. டச்சு மொழியில் 'கில்' என்றால் வாய்க்கால், சிற்றோடை என்று பொருள். சிறு ஓடைகளிலும் பள்ளங்களிலும் வாழ்பவை என்பதால் இம்மீன்களுக்கு அப்பெயர் அமைந்தது. நம் நாட்டிலும் இக்கூட்டத்தின் உறவினர் உண்டு. ஏரிக்கரையில் நின்று நீர்ப்பரப்பைக் கூர்ந்து நோக்கினால், தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்ன, மேல்நீரை ஒட்டியே நீந்தும் சிறு மீன்களைக் காண்பீர்கள். அப்லோகீலஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை அவை. கங்கையாற்று மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலிலேயே அப்பேரினத்தின் ஓர் இனம் விவரிக்கப்பட்டிருக்கிறது. கொசுப்புழுக்களைத் தேடித் தின்று நமக்கு உபகாரம் செய்பவை. பாசியிலும் நீர்ச்செடிகளிலும் ஒட்டும் இவற்றின் முட்டைகள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பொரிந்துவிடும். நீர் வற்றிவிட்டால் இவற்றுக்கு வாழ்வில்லை.

நான் சொல்லவந்த மீனோ வேறு வகை. பயிர்களில் நெல்லும் கேழ்வரகும் ஒரு பருவத்தில் முளைத்து, பூத்து, விதையை விட்டுவிட்டு மடிகின்றன. மாவும் புளியும் பல்லாண்டு நிற்கின்றன. மீன்களெல்லாம் மாவையும் புளியையும் போன்றவை என்றே நாம் எண்ணியிருக்கிறோம். நெல்லைப் போன்ற மீன்களும் உண்டு. அவற்றை ஓராண்டு மீன்கள் என்று அழைக்கலாம். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அவை வாழ்கின்றன. நம் நாட்டில் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சூடான் தொடங்கித் தென்னாப்பிரிக்கா வரையில் பரவியிருக்கும் நோதோபிராங்கியஸ் என்னும் பேரினத்தில் மட்டும் 80க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. என்னிடம் வந்து சேர்ந்தது அவற்றுள் ஒன்றாகிய குந்தெரி. சான்சிபார் தீவிலிருந்து 1893இல் விவரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவரும், இந்திய ஊர்வனவற்றைப் பற்றி 1864இல் பெருநூல் எழுதியவருமான ஆல்பர்ட் குந்தரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஆண்மீன் விரலில் பாதிக்குச் சற்று மேற்பட்ட நீளம். நீலப்பச்சை உடலில் செதிலுக்குச் செதில் சிவப்புக் கரை, செங்கல்லைப் போலச் சிவந்த வால். பெண்மீன் சாம்பல் நிறத்தில் எளிமையாக இருக்கும். கூட வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டும் ஒரே இனம் என்று நம்பமாட்டார்கள்.

இம்மீன்களின் ஊர், மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் பள்ளங்கள். அடியில் நம் கரிசலைப் போன்ற களிமண் படிந்திருக்கும் இடமாகப் பார்த்தே இவை காணப்படுகின்றன. ஈரம் பட்டால் உப்பி இறுகும் அந்த மண், மழைநீரைக் கீழே விடாமல் தாங்கிக்கொள்கிறது. மழை பெய்து பள்ளம் நிறைந்ததும் மண்ணுக்குள் கிடக்கும் முட்டைகள் சில மணி நேரத்தில் பொரிகின்றன. குஞ்சுகள் அசுர வேகத்தில் வளர்கின்றன. மொசாம்பிக் நாட்டில் வாழும் ஃபுர்செரி என்னும் இனம், பொரித்த 14 நாட்களிலேயே முட்டையிடும் பருவத்தை அடைவதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதுகெலும்புள்ள உயிர்களில் இதனினும் விரைவாகப் பருவமடைவது வேறெதுவும் அறியப்படவில்லை. பருவமடைந்த நாள் முதல் நாள்தோறும் முட்டையிடுவதே அவற்றின் தொழில். ஆண்மீன் தன் முதுகுத் துடுப்பால் பெண்மீனை அணைத்து அடிமண்ணோடு அழுத்த, பெண்மீன் ஒவ்வொரு முட்டையாக மண்ணுக்குள் செலுத்துகிறது. பிறகு நீர் வற்றுகிறது. தாயும் தந்தையும் மடிகின்றன. அடுத்த மழை வரும்வரை அந்த இனம் முழுவதும் மண்ணுக்குள் முட்டையாகவே இருக்கிறது. பெற்றவர் முகத்தைப் பிள்ளைகள் காண்பதே இல்லை.

ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள முட்டை, மாதக்கணக்கில் வறண்ட மண்ணில் எப்படி உயிரோடிருக்கிறது? இதை விரிவாக ஆராய்ந்து 1972இல் எழுதியவர் ஜான் வூர்ம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். ஏனைய மீன்களின் கரு, தொடங்கிய வளர்ச்சியை நிறுத்தாமல் முடித்துக்கொண்டு வெளிவருகிறது. ஓராண்டு மீனின் கருவோ வழிப்பயணி சத்திரத்தில் தங்குவதைப் போல மூன்று இடங்களில் தங்கிச் செல்ல வல்லது. முதல் தங்கல் மிகத் தொடக்கத்திலேயே நேர்கிறது. அப்போது உயிரணுக்கள் ஒன்றுசேர்ந்து உடலாகாமல், மஞ்சள் கருவின் மேல் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். இரண்டாவது, முதுகுத்தண்டின் அமைப்பும் இதயமும் தோன்றியபின், பாதி வழியில். மூன்றாவது, குஞ்சு முழுவதும் உருவாகிக் கண் விழித்து, வெளிவருவதற்கு ஆயத்தமான நிலையில். ஒவ்வொரு தங்கலிலும் கருவின் இயக்கம் மிகக் குறைந்துவிடுகிறது. செலவைக் குறைத்துக்கொண்ட குடும்பம் சேமிப்பில் நாள் கடத்துவதைப் போல, முட்டைக்குள் இருக்கும் உணவைக் கொண்டு அது காலம் தள்ளுகிறது.

இனி, வளர்க்கும் முறைக்கு வருகிறேன்.

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் எத்தனையோ நாட்டு மீன்கள் கிடைக்கின்றன. ஓராண்டு மீன்கள் அங்கே அரிது. அவற்றின் வாழ்நாள் குறைவு என்பதால் வணிகர்கள் விரும்புவதில்லை. ஆகவே இவை பெரும்பாலும் வளர்ப்பவர் கையிலிருந்து வளர்ப்பவர் கைக்கே செல்கின்றன, அதுவும் முட்டையாக. எனக்கும் நண்பர் ஒருவர் அனுப்பிய தபால் உறைக்குள், ஒரு பிடி ஈரத் தூளோடு பிளாஸ்டிக் பையில்தான் இம்மீன் வந்தது. மீன் தபாலில் வரும் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து அரசின் முன் அனுமதியின்றி முட்டைகளை வரவழைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன். நம் நாட்டிலேயே வளர்ப்பவர்களிடம் பெறுவதே முறை.

ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்மீன்கள் என்று வைத்தால், 20 லிட்டர் தொட்டி போதும். ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக வைத்தால் ஆண்மீன் ஓயாமல் துரத்திப் பெண்மீனை நலியச் செய்துவிடும். காற்றுக்குழாயால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றும், ஒளிந்துகொள்ள வேலம்பாசியும் வேண்டும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. களிமண் குட்டையில் பிறந்த இம்மீனுக்கு அது ஒத்துக்கொள்கிறது. 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அளவு, அயோடின் சேராத கல்லுப்பை இடுவது நல்லது. உடலில் பொன்தூள் தூவியதுபோல் தோன்றி மீன்களைக் கொல்லும் ஒட்டுண்ணி நோய்க்கு இப்பேரினம் எளிதில் இரையாகும். உப்பு அதைத் தடுக்க உதவுகிறது. உணவு உயிருள்ளதாக இருக்கவேண்டும். கொசுப்புழு, ரத்தப்புழு, நீர்த்தெள்ளு ஆகியவற்றைக் கண்டால் பாய்ந்து வரும். கடையில் விற்கும் உலர்தீவனத்தைப் பெரும்பாலும் முகர்ந்தும் பார்ப்பதில்லை. தொட்டிநீரின் வெப்பம் 24 முதல் 28 பாகைக்குள் இருப்பது நலம். கத்திரி வெயிலில் அது 30ஐத் தாண்டும்போது இம்மீன்களின் வாழ்வு மேலும் சுருங்குகிறது. ஆகையால் நான் தொட்டியை மேசையில் வைக்காமல், வடக்குப் பார்த்த அறையில் தரையிலேயே வைத்திருக்கிறேன்.

முட்டையிடுவதற்கு மண் வேண்டும் அல்லவா? மேல்நாட்டார் சதுப்புநிலங்களில் வெட்டியெடுக்கும் மட்கிய பாசியைப் பயன்படுத்துகின்றனர். நமக்கு அதைவிட எளிதாகக் கிடைப்பது தேங்காய் நார்த்தூள். மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்காகக் கட்டியாக அழுத்தி விற்கிறார்களே, அதுதான். உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு மிகுந்திருக்கும். எனவே பலமுறை அலசி, அடியில் படியும்வரை வேகவைத்து, சாய நீர் தெளியும்வரை மீண்டும் அலசவேண்டும். இனிப்புக் கடையில் தரும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் மீன் நுழையுமளவு ஒரு துளையிட்டு, உள்ளே மூன்று விரற்கடை உயரத்துக்குத் தூளை நிரப்பித் தொட்டியின் அடியில் வைத்துவிட்டால், மீன்கள் தாமே உள்ளே சென்று முட்டையிடும்.

வாரத்துக்கு ஒருமுறை அந்த டப்பாவை எடுத்து, தூளை மெல்லிய துணியில் வடித்துப் பிழிந்து, செய்தித்தாளின் மேல் சில மணி நேரம் பரப்பிவைக்கவேண்டும். எந்த அளவுக்கு உலரலாம் என்பதே இக்கலையின் நுட்பம். ஈரம் மிகுந்தால் முட்டை அழுகும். குறைந்தால் சுருங்கிச் சாகும். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. புட்டுக்கு மாவு பிசிறும் பதம்தான் அது. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் பிளாஸ்டிக் பையில் இட்டு, சிறிது காற்றோடு கட்டி, மீனின் பெயர், அதன் மூதாதையர் பிடிக்கப்பட்ட ஊர், எடுத்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டவேண்டும். ஒரே இனமாயினும் வெவ்வேறு ஊர்க் குட்டைகளிலிருந்து வந்தவற்றைக் கலக்கலாகாது என்பது உலகெங்கும் உள்ள வளர்ப்பாளர்கள் காக்கும் விதி. ஊர்ப் பெயர் தொலைந்த மீன், முகவரி தொலைந்த கடிதத்துக்குச் சமம். பிறகு பையை இருளான அலமாரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். குந்தெரிக்கு ஏறத்தாழ மூன்று மாதம். மொசாம்பிக்கின் பெய்ரா நகர்ப் பக்கத்து மீனாகிய ராக்கோவிக்கு அரை ஆண்டு வரையிலும் ஆகலாம். இடையிடையே பையைத் திறந்து, உருப்பெருக்கும் கண்ணாடியால் முட்டைகளைப் பார்க்கவேண்டும். உள்ளிருந்து பொன்வளையம் இட்ட இரு கண்கள் நம்மைத் திரும்பிப் பார்த்தால், மழை பெய்விக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மழையை நாம்தான் பெய்விக்கவேண்டும். தூளை ஓர் அகலத் தட்டில் கொட்டி, நான்கு விரற்கடை உயரத்துக்கு நீர் ஊற்றவேண்டும். மழைநீர் குளிர்ந்தது. ஆகவே இந்த நீரும் குளிர்ந்திருக்கவேண்டும். சேமித்த மழைநீரை மண்பானையில் இரவெல்லாம் வைத்து அதிகாலையில் ஊற்றுவது என் வழக்கம். சில மணி நேரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துடிக்கும் குஞ்சுகள் நீரின் மேற்பரப்பை நாடி வரும். அவற்றின் முதல் உணவு ஆர்ட்டீமியா என்னும் உப்பளத்துச் சிற்றிறாலின் குஞ்சு. தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் அவ்வுயிர், தானும் உலர்ந்த முட்டையாக உறங்க வல்லது. உப்புநீரில் காற்றூட்டி வைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். உறங்கி எழுந்த ஒன்றுக்கு உறங்கி எழுந்த மற்றொன்றே உணவாகிறது. இரண்டு மூன்று வேளை உணவளித்து, எஞ்சியதை அன்றன்றே நீக்கி, நாள்தோறும் சிறிது நீர் மாற்றிவந்தால், நான்காவது வாரத்தில் ஆண்குஞ்சுகளுக்கு நிறம் ஏறத் தொடங்கும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒருமுறை அந்த இனத்தையே இழக்கும் நிலைக்கு வந்தேன். அது ஒரு சித்திரை மாதம். வெளியூர் சென்றிருந்த இரண்டு நாட்களில் மின்சாரம் நின்று, காற்றுக்குழாய் ஓய்ந்து, திரும்பி வந்தபோது ஐந்து மீன்களும் மிதந்துகொண்டிருந்தன. முன்பே சேர்த்துவைத்த முட்டைகளை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். அலமாரியில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பை. எனக்கு முதலில் முட்டை அனுப்பிய நண்பரும் அதற்கு முந்திய ஆண்டே தம் மீன்களை இழந்துவிட்டார். மூன்று மாதம் நிறைந்த அன்று, விடியற்காலையில் பானை நீரை ஊற்றினேன். மாலைவரை தட்டின் அருகிலேயே அமர்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள், இனி ஒன்றுமில்லை என்று தீர்மானித்து, அந்தத் தூளைச் செம்பருத்திச் செடியின் தொட்டியில் கொட்ட எடுத்துச் சென்றேன்.

எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் ஏரிப் பாசனத்தில் பயிரிட்டு வாழ்ந்தவர். நிலமெல்லாம் கைமாறிப் போனபின், திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்ப்பதே அவருடைய பொழுதுபோக்கு. "என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறது?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏன் தம்பி, புழுதி விதைப்பு விதைக்கிறவன் வீட்டில் விதை நெல்லே வைத்துக்கொள்ளாமல் அத்தனையும் கொட்டிவிடுவானா? முதல் மழை ஏமாற்றிவிட்டால் அடுத்ததற்கு என்ன செய்வான்? உங்கள் மீனுக்கு அந்த அளவு புத்தி இருக்காதா? காயவைத்துப் பாருங்கள்" என்றார்.

நான் ஐயாவின் சொல்லைத் தட்டவில்லை. தூளை மீண்டும் பிழிந்து, புட்டுப் பதத்துக்கு உலர்த்தி, பையில் கட்டி, தேதியை மாற்றி எழுதி வைத்தேன். ஐந்து வாரம் சென்றபின் மறுபடி நனைத்தேன். அன்று மாலைக்குள் 19 குஞ்சுகள் நீந்தின. அவற்றை எடுத்து வேறு தொட்டியில் விட்டபின், ஒரு சோதனையாக அதே தூளை மூன்றாம் முறையும் உலர்த்தி நனைத்தேன். மேலும் 4 குஞ்சுகள் வந்தன. அத்தனையும் ஒரே குடும்பத்து மீன்கள், ஒரே வாரத்தில் இட்ட முட்டைகள்.

பெரியவர் அனுபவத்தால் சொன்னது விஞ்ஞானிகள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. நான் முன்பு கூறிய மூன்று தங்கல்களிலும் எல்லாக் கருக்களும் ஒரே அளவு காலம் தங்குவதில்லை. சில, இரண்டாம் தங்கலில் நில்லாமலே ஓடிவிடுகின்றன. சில, அங்கே மாதக்கணக்கில் கிடக்கின்றன. வெப்பம் மிகுந்தால் ஓடுபவை கூடும். குளிர்ந்திருந்தால் தங்குபவை கூடும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் பருவம் தவறிய மழை ஒன்று பெய்து, பள்ளம் நிறைந்து, பத்தே நாளில் வற்றிவிடுவதுண்டு. அந்த மழையை நம்பி எல்லா முட்டைகளும் பொரிந்திருந்தால் அக்குட்டையின் மீன்குலம் அன்றே அழிந்திருக்கும். ஆகவே முதல் மழையை நம்புபவை சில, நம்பாதவை சில என்று தாய் தன் முட்டைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. மழை நிலையற்றது என்பதை நமக்குச் சொல்லவும் வேண்டுமா? எங்கள் ஊருக்குக் கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அது நிரம்பித் திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரை வெள்ளத்தில் மூழ்கியது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதே ஏரி வறண்டு கிடந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் இவ்விரண்டையும் கண்ட நாம், அந்தச் சிறு மீனின் முன்யோசனையை வியக்காமல் இருக்க முடியுமா?

இன்று இக்குடும்பத்து மீன்களை உலகின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களும் வளர்க்கின்றன. சோதனைச்சாலையில் சில மாதங்களே வாழும் ஃபுர்செரி, அந்தக் குறுகிய காலத்துக்குள் நம்மைப் போலவே நிறம் மங்கி, தசை தளர்ந்து, முதுமையடைகிறது. முதுமையின் காரணங்களை அறிய விரும்புவோருக்கு அது வாய்ப்பான உயிராக அமைந்தது. 2015இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு வெளியாயிற்று. ஜெர்மனியில் கொலோன், யேனா ஆகிய நகரங்களில் உள்ள முதுமை ஆராய்ச்சி நிலையங்கள் இதில் முன்னிற்கின்றன.

ஆனால் ஆராய்ச்சிக் கூடத்தில் பெருமை பெற்ற இம்மீன்களின் சுற்றத்தார், பிறந்த மண்ணில் நலமாக இல்லை. பல இனங்கள் ஓரிரு குட்டைகளில் மட்டுமே வாழ்பவை. தென்பிரேசிலில் வோல்டெர்ஸ்டோர்ஃபி என்று ஓர் ஓராண்டு மீன் உண்டு. நகரம் விரிவதாலும் ஈரநிலங்கள் வயலாக்கப்படுவதாலும் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அங்கே ஈரநிலங்களில் மேயும் அன்னப்பறவைகளுக்கு ஓராண்டு மீன் முட்டைகளை உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தனர். பறவையின் வயிற்றைக் கடந்தும் மிகச் சில முட்டைகள் உயிரோடிருந்தன. அவற்றுள் ஒன்று பொரிந்து குஞ்சும் வந்தது என்று 2019இல் அறிவித்தனர். வறட்சியையும், பறவையின் குடலையும் தாண்ட வல்லது அந்த முட்டை. ஒரு வண்டி மண்ணைக் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கினால் மட்டும் அது தாங்காது. வற்றிக் கிடக்கும் மாதங்களில் அங்கே ஒரு மீனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே மண் கொட்டுகிறவனுக்கு, தான் ஒரு குலத்தைப் புதைக்கிறோம் என்பதும் தெரிவதில்லை.

இதை வேற்று நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஓராண்டு மீன் நம்மிடம் இல்லை என்று சொன்னேன். ஓராண்டு இறால் இருக்கிறது. தென்னிந்திய மழைக்குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ் என்னும் ஒரு சிற்றுயிர் வாழ்கிறது. 1860இல் அறிவியலார் விவரித்த இனம். விரற்கடை அளவில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலும், இலை போன்ற 11 இணைக் கால்களும் கொண்டு, மல்லாந்தபடியே நீந்தும். அதன் முட்டைகளும் காய்ந்த மண்ணில் உறங்கி மழையில் எழுபவை. அவற்றிலும் எல்லாம் முதல் மழையில் எழுவதில்லை. எங்கள் தெருவின் பின்புறம் ஒரு பள்ளம் இருந்தது. ஐப்பசியில் முழங்கால் அளவு நீர் நிற்கும். மீன்கள் தாமாக வந்து சேர வழியில்லாத அந்தப் பள்ளத்தில், மழை பெய்த இரண்டாம் மூன்றாம் வாரங்களில் இத்தகைய இறால்கள் மல்லாந்து நீந்துவதைப் பார்த்திருக்கிறேன். என் மீன்களுக்கு உணவாக ஒரு வலை அள்ளியும் வந்திருக்கிறேன். இரண்டு கோடைக்கு முன் அப்பள்ளம் கட்டடக் கழிவால் நிரப்பப்பட்டுவிட்டது. அப்போது அது காய்ந்து கிடந்தது. 'பயனற்ற பள்ளம்தானே' என்றார்கள். நானும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. என் அலமாரியில் காய்ந்த தூளைப் பை பையாகக் கட்டி, தேதி எழுதிப் பாதுகாக்கிறவன், வாசலுக்குப் பின்னால் இருந்த காய்ந்த மண்ணுக்காக வாய் திறக்கவில்லை. அதை நினைக்குந்தோறும் எனக்கு நாணமாகவே இருக்கிறது.

வளர்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. எந்த அயல்நாட்டு மீனையும், அதன் முட்டை கலந்த தூளையும் நம் ஏரியிலோ குட்டையிலோ விடலாகாது. கொசுவை ஒழிக்கும் என்று 1928இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், பின்னர் நம் நாட்டுச் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று அவற்றுக்குப் பகையாயிற்று. வெள்ளிப் பொட்டு வைத்த நம் மீன் செய்துவந்த வேலைக்கு வெளியூர் ஆள் தேவையிருக்கவில்லை. பயன்படுத்தி முடித்த தூளை வெந்நீர் ஊற்றிய பிறகே செடிக்கு இடுங்கள்.

மீன் வளர்க்க வசதியில்லாதவர்களும் ஒன்று செய்யலாம். வருகிற சித்திரையில், உங்கள் ஊரில் ஆண்டுதோறும் வற்றும் குட்டை ஏதேனும் இருந்தால், அதன் நடுவிலிருந்து வெடித்த மண் ஒரு கை அளவு எடுத்துவந்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஓர் அகலப் பாத்திரத்தில் அந்த மண்ணை இட்டு, சேமித்த மழைநீரை ஊற்றி, ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். நீர்த்தெள்ளு வரலாம், சிற்றிறால் வரலாம், பெயர் தெரியாத ஒரு செடி முளைக்கலாம். கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் மூடிவையுங்கள். ஒன்றும் வராவிட்டால் மண்ணை எறிந்துவிட வேண்டாம். உலர்த்தி வைத்திருந்து, மறுபடியும் ஒருமுறை நனைத்துப் பாருங்கள்.